எட்டடிக் காடு

தாடியின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

இடது தாடையில், காதுக்கு இரண்டு விரல் கீழே, ஒட்டிய முடியின் விளிம்பு தோலை விட்டு ஒரு நூலளவு எழும்பியிருந்தது. வியர்வையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். மேக்கப் பசையை வெல்லக்கூடியவை வியர்வையும் எண்ணெயும்தான். அந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காமல்தான் காலை ஏழு மணிக்குத் தன் கையாலேயே கணவனுக்குச் சவரம் செய்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, தோல் காய்ந்து இறுகும்வரை காத்திருந்து ஒட்டியிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் ஏழு வருடமாக இந்த முகத்துக்குத் தாடி ஒட்டுகிறாள். ஒருநாளும் பசை கைவிட்டதில்லை.

"என்ன மேடம், மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறீங்க? இப்பதான் நம்ம அழகு தெரியுதா?" என்றான் அவன், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து. குரல் கரகரத்தது.

"தொண்டைக்கு என்ன?"

"தெரியல. ரொம்ப நேரம் கத்தின மாதிரி இருக்கு."

"நீங்க கத்தவே இல்லையே."

"அதான் சொல்றேன், மாதிரின்னு."

அவள் இடுக்கியை எடுத்து அந்த விளிம்பைப் பிடித்தாள்.

அவன் நடித்தது ஒரு நக்கல் நிகழ்ச்சி. டிவியில் வருவார்களே, ஆளரவமற்ற காட்டில் கத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புழுவைத் தின்று பிழைக்கும் வீரர்கள், அவர்களைக் கேலி செய்வதுதான் இதன் வேலை. இவன் தலையில் தொப்பி, தோளில் கயிறு, முகத்தில் சேறு. குரலைத் தாழ்த்தி, "நாள் இருபத்தொன்று. மனித வாடையே இல்லாத இடம். இங்கே நான் தனியாள்" என்பான். கேமரா மெல்லத் தண்டவாளத்தில் பின்னால் நகரும். காட்டின் விளிம்பு தெரியும், பூந்தொட்டிகள் தெரியும், படப்பிடிப்பு நடக்கும் கிடங்கின் சிமென்ட் தரை தெரியும், பக்கத்திலேயே நிற்கும் கூரியர்க்காரர் தெரிவார். "சார், இங்க ஒரு கையெழுத்து" என்பார். அவ்வளவுதான் நகைச்சுவை. ஏழு வருடமாக ஜனங்கள் அதற்குச் சிரிக்கிறார்கள். யூனிட்டில் எல்லோரும் அவனைத் தனியாள் என்றே கூப்பிட்டார்கள். அவளை மேக்கப்க்கா என்றார்கள்.

ஒரு காட்டை உருவாக்க எட்டடி ஆழம் போதும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. சக்கரம் வைத்த பதினேழு தொட்டிகள், பாய்போலச் சுருட்டி வைக்கும் புல், பின்னால் மரங்கள் வரைந்த ஒரு திரை, லென்ஸுக்கு முன்னால் கம்பியில் தொங்கும் இரண்டு கிளைகள். கிளை கண்ணுக்கு அருகில் மங்கலாகத் தெரிந்தால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தூரத்தில் இருப்பதாக மனசு தானாகவே நம்பிக்கொள்ளும். மிச்ச வேலையைப் புகை செய்யும். திரை வெறும் திரைதான் என்று காட்டிக்கொடுக்கும் மடிப்புகளைப் புகை மூடிவிடும். புகை கிளம்பியதும் உடனே படம் பிடிக்க முடியாது. அது பரவிச் சமமாகி மெலியவேண்டும். அதுவரை கூடத்தில் யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது. ஒருவர் கையை வீசி நடந்தாலே புகை சுழன்று கெட்டுவிடும். நடிகன் உள்ளே நிற்பான். மற்றவர்கள் வெளியே மூச்சடக்கிக் காத்திருப்பார்கள்.

தாடிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே நாளில் நாற்பதாம் நாள், இருபத்தொன்றாம் நாள், ஒன்பதாம் நாள், முதல் நாள் என்று நான்கு காட்சிகள் எடுப்பார்கள், அதுவும் இந்த வரிசையில்தான், தலைகீழாக. ஒட்டிய தாடியை வெட்டிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது. அதனால் காலையில் நீளத் தாடியோடு தொடங்கி, காட்சிக்குக் காட்சி கத்தரித்து, மாலையில் மழித்த முகத்தோடு முடிப்பார்கள். முகவாய்க்கு அடியில் தொடங்கி, கூரைக்கு ஓடு வேய்வதுபோல வரிசைமேல் வரிசையாக அவள் ஒட்டுவாள்.

இப்போது இரண்டாவது காட்சி முடிந்திருந்தது. அவள் இடுக்கியால் விளிம்பைத் தூக்கினாள். ஒட்டிய முடி எதிர்ப்பில்லாமல் ஒரு பட்டையாகக் கழன்று வந்தது. அதற்கு அடியில் இன்னொரு தாடி இருந்தது.

குட்டையான, முள்போன்ற முடி. அதுதான் பசையை உள்ளிருந்து தள்ளிக் கிளப்பியிருந்தது. அவள் ஒரு முடியை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தாள். ஒட்டிய முடியானால் கையோடு வந்துவிடும். இது வரவில்லை. அதன் அடியில் தோல் சின்னக் கூடாரம்போல எழும்பியது.

"ஆ. என்ன பண்ற?"

"காலைல நான் உங்களுக்குச் சவரம் பண்ணினேன்ல?"

"பண்ணின. காதுகிட்ட கீறியும் விட்ட."

அந்தக் கீறலைத் தேடினாள். ஆறிப்போய், தடயமே இல்லாமல் இருந்தது.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர். முகத்து முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், கொஞ்சம் முன்னே பின்னே. தாடியோடு வாழ்பவளுக்கு இந்தக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கும். இது ஒன்பது நாள் தாடி. தாடை வளைவில், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பில், ஒரு பட்டாணி அளவுக்கு முடியே இல்லை. அந்த இடத்தில் அவனுக்கு ஒருபோதும் முளைக்காது. மேக்கப்பில் யாரும் அப்படி ஓட்டை விட்டு ஒட்டமாட்டார்கள்.

"பசிக்குதுப்பா," என்றான் அவன். மேசைமேல் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, ஒவ்வொன்றாக இல்லாமல், மூன்று மூன்றாக வாயில் போட்டுக்கொண்டான்.

கதவைத் தட்டினார்கள். "தனியாள் ரெடியா? நாள் ஒம்பது."

ஒன்பதாம் நாளுக்கு அவள் எதையும் ஒட்டவேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது காட்சியை அவள் மானிட்டர் பக்கத்தில் நின்று பார்த்தாள். எப்போதும் பார்ப்பதில்லை, இந்த நேரத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருப்பாள், புகை கிளம்பினால் குழாயை மூடிவிட்டு வினாடி எண்ணுவாள். கிடங்கின் ஜன்னல்களெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தன. துணியின் ஓர இடுக்கில் நடுப்பகல் வெயில் வெள்ளைக் கோடாக நின்றது. வெளியே ஏதோ ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும் பீப் பீப் சத்தம். இயந்திரம் சீறியது. சூடான இஸ்திரிப்பெட்டியில் சர்க்கரைத் தண்ணீர் சிந்தியதுபோன்ற அந்தப் பழகிய வாசனையோடு புகை தொட்டிகளுக்கிடையே தவழ்ந்து, அவனுடைய முழங்காலை, இடுப்பை, தொப்பியை மூடியது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் காட்சிக்கு இருபது வினாடிதான் காத்திருந்தார்கள். இரண்டாவதுக்கு நாற்பது. இப்போது ஒரு நிமிடம் தாண்டியும் வெள்ளையாகவே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. புகைக்குள் நிற்பவன் ஒரு தடவையாவது தொண்டையைச் செருமமாட்டானா?

ஒன்றரை நிமிடத்தில் புகை மெலிந்தது. அவன் அதே இடத்தில் நின்றான். டைரக்டர் மானிட்டரை நோக்கிக் குனிந்தார்.

"மேக்கப்க்கா, ஒம்பதாம் நாளுக்கு இவ்ளோ தாடியா?" என்று கிசுகிசுத்தார். பிறகு தாமே, "சரி விடுங்க, காமெடிதானே" என்றார்.

மானிட்டரில் தாடி அவன் கழுத்தில் இடித்தது.

"நாள்..." என்று தொடங்கினான் அவன். குரல் காற்றுப்போல வந்தது. நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தான். அந்தக் கண்கள் யாரையோ தேடின. கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கினார். லைட் பாய்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னமா நடிக்கிறான் மனுஷன்! "நாள் ஒன்பது," என்றான் அவன் கடைசியாக. கேமரா பின்னால் நகர்ந்தது. கூரியர்க்காரராக வேஷம் போட்டவர் வந்து கையெழுத்துக் கேட்டார். அவன் பேனாவை வாங்கி, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன்போல ஒரு கணம் பார்த்தான். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள்.

மேக்கப் அறைக்கு வந்ததும் நாற்காலியில் விழுந்து தூங்கிப்போனான்.

அவள் கதவைச் சாத்தினாள். அறை முழுக்க வாசனை மாறியிருந்தது. இயந்திரப் புகையின் இனிப்பு இல்லை. விறகுப் புகை, ஈர மண், பலநாள் துவைக்காத துணி. அளவுகோலை வைத்தாள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். இரண்டு மாதம். நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்து, சில உடைந்து, இடுக்குகளில் கறுப்பு ஏறியிருந்தன. அந்தக் கறுப்பு அவள் காப்பித்தூளில் குழைத்துப் பூசும் சேறு இல்லை. தொட்டால் மணல்போல நெருடியது. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. உதட்டில் வெடிப்பு, வெடிப்பின்மேல் ஆறிய வெடிப்பு.

அவளுடைய மனசு கணக்குப் போட்டது. இருபது வினாடி, நாற்பது வினாடி, தொண்ணூறு வினாடி. முதல் இரண்டும் சேர்ந்து ஒன்பது நாள். மூன்றாவது மட்டும் இரண்டு மாதம். புகை இரட்டித்தால் நாளும் இரட்டிக்கும் என்கிற நேர்க்கணக்கு இல்லை இது. இது வேறு மாதிரி ஏறுகிறது.

அவள் பயந்தபோது அவளுடைய கைகள் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. ஒரு மணி நேர இடைவேளை, அடுத்தது முதல் நாள், மழித்த முகம். தாடியைக் கத்தரித்தாள், நுரை தடவிச் சவரம் செய்தாள், நகங்களை வெட்டினாள், சுத்தம் செய்தாள். தொப்பிக்கு வெளியே தொங்கிய தலைமுடியையும் திருத்தினாள். முதல் நாள் என்பதால் முகம் பூசினாற்போல இருக்கவேண்டும். குழிந்த கன்னத்தில் வெளிர் நிறம் தடவி, கன்னமேட்டில் சிவப்புக் கலந்து, வெடித்த உதட்டை மெழுகால் நிரப்பினாள். தொடர்ச்சி கெடாமல் பார்ப்பதுதான் அவளுடைய தொழில். முடித்துவிட்டு ஓரடி பின்னால் வந்து பார்த்தபோது, நாற்காலியில் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய அதே மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருந்த ஒரே சாட்சியை அவளே அழித்திருந்தாள்.

தரையில் கிடந்த முடியைத் துண்டில் அள்ளிக்கொண்டு டைரக்டரிடம் ஓடினாள்.

"சார், இது நிஜத் தாடி. அவருக்கு வளந்தது. இன்னைக்கு."

டைரக்டர் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க பெட்டியில இது மாதிரி நாலு கிலோ இருக்குமேக்கா."

"நகமும் இருக்கு, பாருங்க."

"ஒட்டு நகமும் ஒரு டப்பா வச்சிருக்கீங்க." அவர் சிரித்தார், ஆனால் கண்ணில் எச்சரிக்கை இருந்தது. "போன மாசம் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பாம்புக்கடி வேஷம் போட்டீங்க. வீங்கிப்போன கால், நீலம் பாரிச்ச விரல். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் அந்தாள் காலை மடியில வச்சுட்டு அழுதேன். இந்தத் தடவ ஏமாற மாட்டேன்."

போன மாதம் அந்தக் காலுக்கு நீலம் தீட்டியபோது அவள் எவ்வளவு ரசித்துத் தீட்டினாள்!

"புகை மட்டும் வேண்டாம் சார். கடைசி ஷாட்டுக்கு மட்டும்."

"கடைசி ஷாட்டுக்குத்தான்க்கா புகையே. ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியக்கூடாது. வெள்ளை. நாலு நிமிஷம் விட்டா மெல்லமா அவன் மூஞ்சி எழும்பி வரும். அவன் முதல் நாளே தொலைஞ்சிட்டான்னு காட்டணும்."

நான்கு நிமிடம்.

அவள் புகை இயந்திரத்தைத் தேடிப் போனாள். அதைப் பார்த்துக்கொள்ளும் புகைக்காரர் கைகழுவப் போயிருந்தார். கேனைத் தூக்கி மூலையில் இருந்த சாக்கடைத் துளையில் கவிழ்த்தாள். எண்ணெய்போல மெல்ல இறங்கியது, கடைசிச் சொட்டுவரை. திரும்பினால் புகைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"அட, கேன் காலியாயிடுச்சாம்மா? கவலைப்படாத. வண்டியில ரெண்டு வச்சிருக்கேன்."

கணவன் எழுந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த பிஸ்கட் தூளைப் பாக்கெட்டோடு வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஷாட்டுக்குப் போகாதீங்க," என்றாள். "உங்களுக்கு ரெண்டு மாசத் தாடி இருந்துது."

அவன் கன்னத்தைத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. "எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஓ."

"நகம் இவ்ளோ நீளம்."

விரல்களைப் பார்த்தான். "இதையும் எடுத்துட்ட."

"ஆமா."

"போன மாசம் அவங்கள ஏமாத்தினோம். இந்த மாசம் எனக்கேவா?" என்று சிரித்தபடி எழுந்தான். பேன்ட் இடுப்பிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டு, பெல்ட்டைக் கடைசித் துளைக்கு இழுத்து மாட்டினான். அப்போதும் உள்ளே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அந்த இடைவெளியையே பார்த்தான்.

"புகைக்குள்ள என்ன ஆகுது?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. கண்ணசந்த மாதிரி இருக்கும். அப்புறம் வெளிச்சம்." யோசித்தான். "உன்னக் கூப்பிட்டேனோ என்னமோ. கனவு மாதிரி. நீ வரல."

வெளியே பெயர் சொல்லி அழைத்தார்கள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "ஒரே ஒரு ஷாட்டு. முடிச்சுட்டு நேரா டாக்டர்கிட்ட போலாம். சுகர் கிகர் இருக்கும். எடை இப்படித்தான் இறங்குமாம்."

"அப்ப நான் கையப் புடிச்சுக்கிறேன். உள்ள நிக்கிற வரைக்கும்."

"ஃப்ரேம்ல தெரிஞ்சா டைரக்டர் கொன்னுடுவார்."

"நெஞ்சுக்கு மேலதான் ஃப்ரேம். நான் தரையில படுத்துக்கிறேன்."

அவன் அவளை நீளமாகப் பார்த்தான். கேலி எதுவும் வரவில்லை. "சரி, புடிச்சுக்கோ," என்றான்.

விளக்குகள் ஏறியதும் அவள் காட்டின் பக்கவாட்டில் தொங்கிய கறுப்புத் துணிக்கு அடியில் ஊர்ந்து வந்து தொட்டிகளின் வரிசையை ஒட்டிக் குப்புறப் படுத்தாள். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே வலது கையை முழங்கைவரை நீட்டினாள். சிமென்ட் தரை வயிற்றில் சில்லென்றிருந்தது. இலைகளின் அடியிலிருந்து பார்த்தால் அவனுடைய பூட்ஸ் தெரிந்தது, அதற்குப் பின்னால் திரையின் அடிமடிப்பும் அதைப் பிடித்திருந்த மரக்கட்டையும் தெரிந்தன. எட்டடி. அதற்குமேல் ஒன்றுமில்லை. அவன் குனிந்தான், அவனுடைய விரல்கள் கீழே இறங்கி, அவளுடைய விரல்களைக் கண்டுபிடித்துக் கோத்துக்கொண்டன. இரண்டு தடவை அழுத்தின. இருக்கேன், இருக்கேன்.

இயந்திரம் சீறியது.

புகை அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. பூட்ஸ் மறைந்தது. தொட்டிகளின் விளிம்பும் மறைந்தது. அவளுடைய கை மணிக்கட்டோடு, பிறகு முழங்கையோடு, வெள்ளைக்குள் முடிந்துபோயிற்று.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

பத்தில் அவனுடைய பிடி இறுகியது. இருபதில் தளர்ந்து, மறுபடி இறுகி, அவளுடைய கையை இழுத்தது. அவளும் இழுத்தாள். வா. வெளியே வா. முழு உடம்பையும் பின்னால் தள்ளி இழுத்தாள். கை அசையவில்லை. பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல முழங்கையில் நின்றது.

நாற்பது. அவனுடைய உள்ளங்கை சொரசொரத்தது. காய்ப்புகள் அவளுடைய தோலுக்கு எதிரிலேயே ஒவ்வொன்றாக எழும்பின.

"கட்," என்றாள். அவளுடைய குரல் அந்த நிசப்தத்தில் பெரிதாகக் கேட்டது. "கட் சொல்லுங்க சார். ஃபேன் போடுங்க."

இருட்டில் யாரோ உஸ் என்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா," என்றது ஒரு குரல்.

"ஃபேன் போடுங்க!"

"அக்கா, டேக் போயிட்டிருக்கு," என்றார் டைரக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

தொண்ணூறு. கையில் குளிர். எலும்பை உறைய வைக்கும் குளிர். உடனே வெயில். மறுபடி குளிர். மறுபடி வெயில். மூச்சுப்போல. முழங்கைக்கு இந்தப் பக்கம் கிடங்கின் அதே புழுக்கம். அந்தப் பக்கம் பருவங்கள் ஏறி இறங்கின. அவள் வினாடிகளை விட்டுவிட்டு அவற்றை எண்ணத் தொடங்கினாள். நான்கு. ஐந்து. ஆறு. ஆறு வருடமா?

விரல் நுனிகளில் ஏதோ பட்டது. ஈரம். பல். வலிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக, பொறுமையாக. அவன் அவளுடைய நகங்களைக் கடித்துச் சீராக்கிக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் பட்டது. கழுவினான். இலைகளுக்கு நடுவிலிருந்து நீண்டு கிடக்கும் ஒரு கை. அதற்கு அப்பால் யாருமில்லை. அதை அவன் கவனித்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

ஒரு பாரம் அவளுடைய உள்ளங்கையில் இறங்கியது. கன்னம். அவன் தலையை அதில் வைத்துப் படுத்திருந்தான். தாடி அவளுடைய மணிக்கட்டின்மேல் வழிந்தது. நீளமாக. இன்னும் நீளமாக. தாடை வளைவில் பட்டாணி அளவுக்கு ஒரு வழுக்கை. அவள் விரலால் அதைத் தடவினாள். கன்னம் நனைந்தது. அவனுடைய உதடு அசைவது தோலில் தெரிந்தது. பேசிக்கொண்டேயிருந்தான். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அவள் விரல்களை அசைக்க நினைத்தாள். அவை ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தன.

இருபது.

முப்பது.

கன்னம் மெலிந்தது. முடி மெலிந்தது. உதடு நின்றது.

பிறகு குளிர். வெயில். குளிர். வெயில். பாரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இலேசானது. ஒன்றுமில்லாமல் போனது.

அவள் எண்ணுவதை நிறுத்தினாள். பருவங்கள் நிற்கவில்லை.

"நாலு நிமிஷம்," என்றது டைரக்டரின் குரல். "இப்ப வரும் பாருங்க மூஞ்சி."

புகை மெலிந்தது. தொட்டிகளின் விளிம்பு வந்தது. இலைகள் வந்தன. திரையின் மடிப்பும், மரக்கட்டையும், புல் பாயும் வந்தன. எட்டடிக் காடு முழுதாகத் தெரிந்தது. அதில் யாரும் நிற்கவில்லை.

அப்புறம் கேமராக்காரர் வெடித்துச் சிரித்தார். "ஆளையே காணோம்யா! முதல் நாளே அம்போ!" லைட் பாய்கள் கைதட்டினார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமா நழுவினான்? இதையே வச்சுக்கலாம், இதுதான் முடிவு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் கையை வெளியே இழுத்தாள். இப்போது வந்தது.

முழங்கைவரை அவளுடைய தோல். அங்கே, நூல் பிடித்து வரைந்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளிறிச் சுருங்கிய தோல், நரம்புகள் புடைத்த புறங்கை, முடிச்சுகளாகத் தடித்த மூட்டுகள். எந்த மேக்கப்பாலும் அப்படி ஒரு கையைச் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். விரலிடுக்கில் நீளமான நரைமுடி இரண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கையை மடியில் வைத்தாள். மூடு என்றாள் மனசுக்குள். மூடவில்லை. எழு என்றாள். எழவில்லை. அவளைவிட அந்தக் கைதான் அவனோடு அதிக வருடம் வாழ்ந்திருந்தது. அது அவளுடைய பேச்சைக் கேட்கவில்லை.

சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மடியில் அந்தக் கிழட்டுக் கை பாதி குவிந்து, ஒரு தலையைத் தாங்கியிருப்பதுபோலக் கிடந்தது. அதன் ஒரு விரல் மட்டும் காற்றில், பட்டாணி அளவு வட்டமாக, தடவிக்கொண்டேயிருந்தது.